அடுப்படி வழியாக ஒரு ரோடு

குரங்கணியில் பஸ்சை விட்டு இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மேலே ஏறினால் நாவலூத்து. பெரிய ஊர் இல்லை. காப்பி மரங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே ஒன்றுக்கொன்று முகம் காட்டாமல் நிற்கும் கொஞ்சம் வீடுகள், ஒரு முனியாண்டி கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி. சிமெண்டுப் பாதை போகப் போகக் குறுகி, கடைசி வீட்டு வாசலில் நின்றுவிடும். அதற்கு மேல் ஆட்கள் நடக்கிற தடம் மட்டும்தான். அந்தக் கடைசி வீடு வீரலட்சுமியுடையது.

வீரலட்சுமி பிறந்தது சிலமலையில். வெங்காயமும் மக்காச்சோளமுமாகச் சமதரையில் வளர்ந்தவளுக்கு, கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் எதுவுமே பிடிக்கவில்லை. ஏறினால் மூச்சு வாங்கியது, இறங்கினால் முழங்கால் வலித்தது, மழை பெய்தால் அட்டை கடித்தது. ஆனாலும் ஓடிப் போகவில்லை. கணவர் மகாராஜன் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில், காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்க்கிறார். வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை மலைத்தடம் வழியாக இறங்கி வருவார். திங்கட்கிழமை விடிந்ததும் ஏறிவிடுவார். இடைப்பட்ட நாட்களில் காப்பிப் பழம் பறிக்க ஆள் பிடிப்பதும், மிளகுக்கொடிக்கு ஏணி சாத்துவதும், பன்றியை விரட்டுவதும் வீரலட்சுமிதான். மகள் தேவியைத் தேவாரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. தனியாக இருந்து பழகியதில் அவளுக்கு வாய் கொஞ்சம் நீண்டுபோனது என்று ஊரில் சொல்வார்கள். அவளும் இல்லையென்று சொன்னதில்லை.

அவள் வாசலுக்கு முதல் கார் எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. யாரோ வழி தவறி வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த வாரம் இரண்டு கார் வந்தது. பள்ளிக்கூட லீவு விட்டதும் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் கண்ணாடியை இறக்கி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“ஏங்க, மூணாறுக்கு இப்படித்தானே போகணும்?”

“இது வழியா மூணாறுக்கு நடந்துதான் போகலாம். கார்ல போகணும்னா வந்த வழியே போடிக்குப் போயி போடிமெட்டு ரோட்டுல ஏறுங்க.”

“மேப்புல இந்த வழியாத்தாங்க காட்டுது.”

“மேப்புல காட்டும். மலையில காட்டாதுல்ல?”

அவர்கள் அவளை நம்பாத மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு இறங்கிப் போய்த் தடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே வருவார்கள். வண்டியைத் திருப்புவதற்கு அவளுடைய காப்பிக்களத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. காயப் போட்டிருக்கும் பழத்தின் மேல் டயர் ஏறும். தண்ணீர் கேட்பார்கள், கழிப்பறை கேட்பார்கள். ஒருவர் சாப்பாடு கிடைக்குமா என்றுகூடக் கேட்டார். கைக்காரியத்தைப் போட்டுவிட்டு, “இன்னும் பின்னாடி வா, இன்னும் வா, ஒடி ஒடி” என்று வீரலட்சுமி கத்திக் கத்தியே வண்டி ஓட்டத் தெரியாமலேயே வண்டி திருப்பக் கற்றுக்கொண்டாள்.

அந்த ஆனி மாதத்துச் சாரலில் வந்த வெள்ளைக் காரை அவளால் திருப்ப முடியவில்லை. அப்போது அவள் மேலே மிளகுக்கொடியில் சாத்திய ஏணியில் நின்றிருந்தாள். காரில் வந்தவர்கள் ஆளில்லாத வீடு என்று நினைத்து, தாங்களாகவே களத்தில் ரிவர்ஸ் எடுத்திருக்கிறார்கள். களத்தின் ஓரம் கல்கட்டு. அதற்குக் கீழே இரண்டு ஆள் உயரப் பள்ளம். சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தபோது, பின்சக்கரம் ஒன்று கல்கட்டைத் தாண்டி அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர்களுடைய அம்மா கதவைத் திறந்து இறங்கப் பார்த்தாள்.

“இறங்காத! யாரும் அசையாதீக! பிரேக்க விட்றாத அப்பு, மிதிச்சுப் பிடி!” என்று ஓட்டிவந்தவரைப் பார்த்துக் கத்தினாள் வீரலட்சுமி.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மா சத்தம் கேட்டு வந்துவிட்டாள். நல்ல பருமனான ஆள். வீரலட்சுமி ஒரு நொடி யோசித்தாள்.

“மதினி, ஏறி முன்னாடி உக்காரு.”

“எங்கன?”

“கார் மூஞ்சியில. வெரசா ஏறு!”

இரண்டு பேரும் பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். சூடு பொறுக்க முடியவில்லை. கருத்தம்மா முனியாண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காரின் முன்பக்கம் கனம் கூடித் தரையில் அமர்ந்ததும், பிள்ளைகள் இருவரையும் முன் சீட்டு வழியாக ஒவ்வொருவராக வெளியே இழுத்தார்கள். பிறகு அம்மா, பிறகு அப்பா. குரங்கணியிலிருந்து ஜீப்புக்கார முத்துப்பாண்டி தன் வண்டியைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்த பிறகுதான் இரண்டு பெண்களும் கீழே இறங்கினார்கள். சின்னப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, களத்தில் கிடந்த காப்பிப் பழத்தை எடுத்துக் கடித்துப் பார்த்தது. கசப்பில் அது காட்டிய முகத்தைப் பார்த்து அதன் அம்மா சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நிற்காமல் அழுகையாக மாறி, வீரலட்சுமியின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கடுங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, வீரலட்சுமி கார் ஓட்டிவந்த ஆளிடம் போனைக் காட்டச் சொன்னாள். மலையின் படத்தின் மேல் நீலக் கோடு ஒன்று வளைந்து வளைந்து மேலே போனது. அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கருத்தம்மா வீட்டுத் தகரம் தெரிந்தது. தன் வீட்டுக் கூரையும் தெரிந்தது. கோடு அந்தக் கூரைக்கு மேலேயே போயிற்று.

“இத யாரு போட்டது?”

“தெரியலீங்க. அதுல இருக்கு, அவ்வளவுதான்.”

‘அதுல இருக்கு’ என்ற பதில் அவளுக்குப் போதவில்லை. மறுநாள் காலை பஸ்சில் போடிக்குப் போனாள்.

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிரேம்சிங்கின் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ. ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் காயைத் தரம் பிரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கம்ப்யூட்டரோடு ஒதுங்கிவிட்டார். வீரலட்சுமிக்கு ரேஷன் கார்டிலிருந்து மகள் கல்யாணப் பத்திரிகை வரை இந்தக் கடையில்தான் நடந்தது.

“அண்ணே, மேப்புல ஒரு கோடு தப்பா இருக்கு. அழிக்கணும்.”

“மேப்பையா? அத நாம எப்படிம்மா அழிக்க முடியும்? அது அவுங்க போடுறதாச்சே.”

“அவுங்கன்னா யாருண்ணே?”

பிரேம்சிங்குக்கும் தெரியவில்லை. இருந்த கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தேட ஆரம்பித்தார். மத்தியானத்துக்குள் ஒரு விஷயம் தெரிந்தது. வழிகாட்டும் ஆப்புகளில் சில, பொதுவான ஒரு மேப்பிலிருந்துதான் ரோட்டை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பொது மேப்பை யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம். பெயர் பதிந்துகொண்டால் போதும்.

“யாரு வேணாலுமா?”

“அப்படித்தாம்மா போட்டிருக்கு. நீயும் திருத்தலாம், நானும் திருத்தலாம்.”

“அப்ப தப்பாவும் யாரு வேணாலும் போடலாமாண்ணே?”

“போட்டிருக்கான்ல. இந்தா பாரு, உன் அடுப்படி வழியா மூணாறு போயிரலாம்னு போட்டிருக்கான்.”

அவள் பெயரிலேயே பதிந்தார்கள். திரையில் வானத்திலிருந்து எடுத்த படம் விரிந்தது. அதன் மேல் கோடுகள். கோட்டைத் தொட்டால் அதில் சின்னச் சின்னப் புள்ளிகள் முளைத்தன. புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடு ரப்பர் மாதிரி வளைந்தது. முதலில் வீட்டை விட்டுக் கோட்டை வெளியே தள்ளிவிடலாம் என்று பிரேம்சிங் இழுத்தார். எதைப் பிடித்தாரோ தெரியவில்லை. முழுக் கோடும் பெயர்ந்து, அதோடு ஒட்டியிருந்த ஓடையும் சேர்ந்து நகர்ந்தது. பதற்றத்தில் இன்னொன்றை இழுத்தார். முனியாண்டி கோயில் ஆற்றுக்குள் போய் உட்கார்ந்தது.

“அய்யய்யோ! அண்ணே, சாமிய ஆத்துல போட்டுட்டீக!”

“இரும்மா, இரும்மா, கத்தாத.” வேதக்காரரான பிரேம்சிங்குக்கு நெற்றி வியர்த்தது. பழையபடி ஆக்கும் பொத்தானைக் கண்டுபிடித்து, அழுத்தி அழுத்தி, கோயில் கரையேறும்வரை இரண்டு பேரும் மூச்சே விடவில்லை. இன்னும் சேவ் பண்ணவில்லை என்பது தெரிந்ததும் பிரேம்சிங் நாற்காலியில் சாய்ந்து, “கர்த்தரே” என்றார். வீரலட்சுமி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இழுப்பது ஆபத்து என்று முடிவாகிவிட்டது. கோட்டைத் தொட்டு, மொத்தமாக அழித்து, சேவ் செய்தார்கள். காரணம் கேட்ட இடத்தில், ‘இங்கே ரோடு இல்லை’ என்று பிரேம்சிங் எழுதினார்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் கார் குறைந்தது. பிறகு நின்றே போனது. களத்தில் பழம் யாரும் மிதிக்காமல் காய்ந்தது. சனிக்கிழமை மகாராஜன் வந்ததும், வீரலட்சுமி முதலில் அதைத்தான் சொன்னாள். போனில் அந்த இடத்தைக் காட்டினாள். படத்தில் பச்சை மட்டும் இருந்தது.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “செரி. கார் வராது. இப்ப நான் எந்த வழியா வந்தேன்?”

“நம்ம தடத்து வழியாத்தேன்.”

“தடமே இல்லையே இதுல. நான் பறந்து வந்தேன்னு ஆக்கிட்டியே” என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சாம்பார் கொதிக்கிறவரை அவள் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தோட்டத்துக்குப் போகிற ஆட்கள், அடுத்த மலைக்குச் சீர்வரிசை கொண்டு போகிறவர்கள், உடம்புக்கு முடியாமல் தோளில் தூக்கி இறக்கப்பட்டவர்கள் எல்லோரும் நடந்த வழி அது. அதைத்தான் அவள் அழித்திருக்கிறாள். இதை அவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தாலும் வேறு என்ன செய்திருப்பாள் என்றும் தெரியவில்லை.

ஆவணி தொடக்கத்தில் மறுபடி ஒரு கார் வந்தது.

போடிக்குப் போய்ப் பார்த்தால் கோடு பழைய இடத்தில் கிடந்தது. திரும்பப் போட்ட ஆளின் பெயர் ‘பனிமுகடு’ என்று இருந்தது. கீழே ஒரு வரி: ‘இங்கே வழி உண்டு. நான் நடந்திருக்கிறேன். காரணமில்லாமல் அழிக்க வேண்டாம்.’

“காரணமில்லாமயா? எழுதுங்கண்ணே. எங்க வீட்டுக் களத்துல கார் தொங்குச்சு, அதுல ரெண்டு பிள்ளைக இருந்துச்சுன்னு எழுதுங்க. அந்தாளு வந்து அந்தக் காரு மேல உக்காந்தானான்னு கேளுங்க.”

பிரேம்சிங் கொஞ்சம் மரியாதையாக எழுதினார். மறுபடி அழித்தார்கள். பதில் உடனே வரவில்லை. வந்தபோது கோடும் சேர்ந்தே வந்திருந்தது. ‘ஆபத்து இருந்தால் திருத்தலாம். ஆனால் பனியில் வழி தெரியாமல் நிற்கிறவர்களுக்கு இந்தக் கோடு வேண்டும்.’

மூன்றாவது தடவை பிரேம்சிங் விரலை மவுசில் வைத்துக்கொண்டு தயங்கினார். “இப்படியே அழிச்சு அழிச்சு விளையாடுனா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிருவாங்கன்னு போட்டிருக்கும்மா.”

வீரலட்சுமி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். “அப்ப சண்டை வேணாம். நான் சொல்றதை அப்படியே போடுங்க. நான் அந்த வீட்டுக்காரி. நீங்க நடந்த வழி உண்டு, எங்க வீட்டுக்காரரும் அதுலதேன் வர்றாரு. ஆனா ரோடு கிடையாது. நம்பலைன்னா ஒருநா வந்து பாருங்க. கடைசி வீடு. வந்தா காப்பி தர்றேன்.”

போன் நம்பரையும் போடச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘சனிக்கிழமை வருகிறேன்.’

சனிக்கிழமை கருத்தம்மாவைத் துணைக்கு அழைத்து வைத்திருந்தாள். வருகிற ஆள் எகிறினால் இரண்டு பேராக எகிறலாம் என்பது ஏற்பாடு. முத்துப்பாண்டியின் ஜீப்பு களத்தில் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கினாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். முதுகில் பை. இறங்கியதும் அவள் வீட்டைப் பார்த்தாள், களத்தைப் பார்த்தாள், கல்கட்டின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள். உடைந்து சரிந்த கற்கள் இன்னும் அங்கேயே கிடந்தன.

“இங்கயா அந்தக் கார் தொங்குச்சு?”

“இங்கதேன். நீ யாரு தாயி?”

“நாந்தானுங்க்கா பனிமுகடு. சுசித்ரா. திருப்பூர்ல இருந்து வர்றேனுங்க.”

கருத்தம்மா வீரலட்சுமியைப் பார்த்தாள். எகிறுவதற்கு எடுத்து வைத்திருந்த பேச்சு எதுவும் இந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. “மொதல்ல உக்காரு” என்று வீரலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சுசித்ரா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். விடுமுறையில் மலை ஏறுவாள். வீட்டுக்கு வந்து, நடந்த வழியை மேப்பில் வரைவாள். பல வருஷங்களுக்கு முன்பு வனத்துறை அனுமதி வாங்கிய ஒரு குழுவோடு மேலிருந்து இறங்கியபோது மூடுபனியில் வழி தவறிவிட்டார்கள். ஒருவர் போனில் இருந்த பாதிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு எப்படியோ இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

“யாரோ ஒரு வீட்டுல கூப்பிட்டு அடுப்புக்கிட்ட உக்கார வெச்சாங்க. யாருன்னு கேட்டுக்கக்கூட இல்லீங்க. நடுங்கிட்டிருந்தோம். ஊருக்குப் போனதும் மொதல் வேலையா அந்தக் கோட்டை முழுசா வரைஞ்சேன்.”

“அது நான் இல்ல. மதினி, நீயா?”

“நானா இருந்தா ஞாபகம் இருக்குமே” என்றாள் கருத்தம்மா. பிறகு, “மொக்கம்மா அத்தையா இருக்கும். அது செத்தே நாலு வருசமாச்சு” என்றாள்.

“அது சரி, நடக்குற வழிய ரோடுன்னு ஏன் போட்ட?” என்று கேட்டாள் வீரலட்சுமி.

“அன்னைக்குக் கொஞ்ச தூரத்துக்கு ஜீப்புத் தடம் இருந்துச்சுங்க்கா. மேல வரைக்கும் போகும்னு நானா நெனச்சுட்டேன்.”

“இருந்துச்சு. அந்த வருசத்து மழையில மண்ணு சரிஞ்சு போச்சு. சரி, என் அடுப்படிக்குள்ள ஏன் விட்ட?”

சுசித்ரா முதல்முறையாகச் சிரித்தாள். “படத்துல மரம் மூடியிருந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு முனை தெரிஞ்சது, அந்தப் பக்கம் ஒரு முனை. நேரா சேர்த்துட்டேன். அப்போ இந்த வீடு படத்துலயே இல்லீங்க்கா.”

அதுவும் உண்மைதான். வீரலட்சுமி இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்ததே அதற்குப் பிறகுதான். அடுப்படி இருக்கிற இடத்தில் அன்றைக்கு ஒரு மாதுளைச் செடி நின்றது.

காப்பி குடித்துவிட்டு இரண்டு பேரும் தடத்தில் நடந்தார்கள். சுசித்ராவின் போன் நடக்கிற வழியைப் பதிந்துகொண்டே வந்தது. பட்டா நிலம் முடிந்து காடு தொடங்குகிற ஓடை வரை போனார்கள். சரிவு விழுந்த இடத்தில் பழைய தடம் அறுந்து, புதுத்தடம் ஒரு பாறையைச் சுற்றிப் போயிருந்தது. சுசித்ரா அங்கே நின்று, கீழே தெரிந்த பள்ளத்தை வெகுநேரம் பார்த்தாள். “இதுல கார் வந்திருந்தா...” என்றாள்.

திரும்பி வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தார்கள். நாவலூத்தில் அங்கேதான் டவர் நன்றாக எடுக்கும். சுசித்ரா மடியில் லேப்டாப்பை விரித்தாள். இப்போது நடந்த வழி ஒரு நடுங்கிய கோடாகப் படத்தின் மேல் விழுந்திருந்தது.

“மரத்துக்கு அடியில போன் இப்படித்தான் தடுமாறுங்க்கா. ரெண்டு மூணு தடவை நடந்து, நடுவுல எடுத்துக்கணும்.”

பிறகு லேப்டாப்பை அப்படியே வீரலட்சுமியின் பக்கம் திருப்பினாள். “நீங்களே பண்ணுங்க.”

“எனக்குத் தெரியாது தாயி. ஒருக்கா சாமியவே ஆத்துல போட்டவுக நாங்க.”

“புள்ளியை மட்டும் புடிங்க. கோட்டைப் புடிக்காதீங்க. கோட்டைப் புடிச்சா எல்லாம் வந்துரும்.”

சிமெண்டுப் பாதை முடிகிற இடத்தில், வீட்டு வாசலுக்கு முன்னால், கோட்டை இரண்டாக வெட்டினார்கள். கீழ்ப்பாதி ரோடாகவே இருந்தது. மேல்பாதியைத் தொட்டு, ‘ஜீப் ரோடு’ என்று இருந்ததை ‘நடைபாதை’ என்று மாற்றினார்கள். தடித்த கோடு மெலிந்து, புள்ளி புள்ளியாக ஆனது. அதன் பிறகு வீரலட்சுமி ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்து, அடுப்படியை விட்டு வெளியே இழுத்தாள். புறவாசலைச் சுற்றி, கருத்தம்மா வேலியை ஒட்டி, பலாமரத்துக்குக் கீழே. கை வழுக்கியது. ஒரு தடவை புள்ளி தொட்டிக்குள் விழுந்தது. பழையபடி ஆக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், தானே அழுத்தினாள்.

பலாமரத்தைத் தாண்டித் தடம் இடது பக்கம் வளையும் என்று அவள் அடித்துச் சொன்னாள். போன் போட்ட கோடு வலது பக்கம் வளைந்திருந்தது. “எத்தனை வருசமா நடக்குறேன், எனக்குத் தெரியாதா?” என்றாள். எழுந்து போய்ப் பார்த்தார்கள். வலதுதான். “காலுக்குத் தெரியுது, வாய்க்குத் தெரியல” என்று கருத்தம்மா சொல்ல, வீரலட்சுமி அவளை முறைத்துவிட்டுப் புள்ளியை வலது பக்கம் இழுத்தாள்.

சேவ் செய்ததும் மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். கோடு இருந்தது. வீடும் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று இல்லை.

“அவ்வளவுதானா?” என்றாள் வீரலட்சுமி.

“அவ்வளவுதானுங்க்கா. இனிமே கார்க்காரங்களை மேப்பு இது வழியா மேல போகச் சொல்லாது. நடக்குறவங்களுக்கு மட்டும் காட்டும்.”

வீரலட்சுமிக்குத் தோளிலிருந்து ஒரு சிப்பம் இறங்கிய மாதிரி இருந்தது. இதற்குப் பெரிய ஆபீசில் யாரையோ பார்க்க வேண்டும், யாரிடமோ கெஞ்ச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருத்தி பஸ் ஏறி வந்தாள், இரண்டு பேர் நடந்தார்கள், முடிந்துவிட்டது.

சாயங்காலம் மகாராஜன் இறங்கி வந்தபோது, தொட்டி ஓரத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் மேல்பாதியை அவர் பொறுப்பேற்றுக்கொண்டார். காட்டுக்குள் அனுமதியில்லாமல் மற்றவர்கள் நடக்க முடியாது, அந்தத் தூரத்தை வேலைக்குப் போகிறவர் பதிந்தால்தான் உண்டு. சுசித்ரா அவர் போனில் வழியைப் பதிகிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். திங்கட்கிழமை ஏறும்போதும் அடுத்த சனிக்கிழமை இறங்கும்போதும் அவர் பதிந்துகொண்டு வந்தார். ஒரு இடத்தில் கோடு முடிச்சாகச் சுற்றிக் கிடந்தது. அது என்ன என்று சுசித்ரா போனில் கேட்டாள். “அங்கன உக்காந்து பீடி குடிச்சேம்மா” என்றார். அந்த முடிச்சை அவிழ்த்து, கோட்டை நேராக்கிச் சேர்த்தார்கள்.

ஆப்புகளுக்குத் திருத்தம் போய்ச் சேரக் கொஞ்சம் நாளானது. நடுவில் ஒன்றிரண்டு கார் வந்தது. வீரலட்சுமி திட்டாமல் திருப்பி அனுப்பினாள். பூஜை லீவு வந்தது. அந்த மூன்று நாளும் காலையிலிருந்தே அவள் காது கீழேயே இருந்தது. பாலத்தருகே ஹாரன் கேட்கும். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். வண்டிச் சத்தம் அங்கேயே திரும்பி, தேய்ந்து, போடிப் பக்கம் போய்விடும். இரண்டாம் நாள் மத்தியானம், களத்தில் பழத்தைக் கிளறிவிட்டு வந்து சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பட்டப்பகலில் அவள் தூங்கிக் கருத்தம்மா பார்த்ததே இல்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்து உலுக்கி எழுப்பினாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல மதினி. யாரும் வரல, அதான்.”

செய்தி மெல்லப் பரவியது. மேப்பில் வீரலட்சுமி கை வைத்தால் நகரும் என்று குரங்கணியில் பேச்சானது. அங்கன்வாடி பக்கத்து ஊரில் இருப்பதாகக் காட்டியது. அதை நகர்த்தி உரிய இடத்தில் வைத்தாள். தண்ணீர் வராத ஒரு ஓடை பெரிய ஆறாக வரையப்பட்டிருந்தது. சுசித்ராவிடம் கேட்டு மெலிதாக்கினாள். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சந்துக்குள் டீக்கடை வைத்திருக்கும் சின்ராசு ஒருநாள் தேடி வந்தார்.

“ஆத்தா, நம்ம கடை மேப்புல சந்துக்குள்ள கிடக்கு. கொஞ்சம் மெயின் ரோட்டுப் பக்கம் இழுத்து விடேன். ஏவாரம் பாத்துக்கலாம்.”

“கடை எங்கண்ணே இருக்கு?”

“சந்துக்குள்ளதேன்.”

“மொதல்ல கடையை நகத்துங்க. அப்பறம் நான் புள்ளியை நகத்துறேன்.”

சின்ராசு கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரலட்சுமியும் கருத்தம்மாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போடிக்குப் போனார்கள். லீவு நாளில் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும் என்பதே மறந்துபோயிருந்தது. தேவியும் தேவாரத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். சேலைக்கடையில் ஏறி எதையும் எடுக்காமல் இறங்கினார்கள். புரோட்டா சாப்பிட்டார்கள். கருத்தம்மா இரண்டாவது முறை சால்னா கேட்டாள். சாயங்காலப் பஸ்சு கிளம்பும்போது அவர்கள் இன்னும் இலையின் முன்னால்தான் இருந்தார்கள்.

“பஸ்சு போயிருச்சும்மா” என்றாள் தேவி பதறி.

“போகட்டும்” என்றாள் வீரலட்சுமி. “முத்துப்பாண்டி ஜீப்பு வரும். அவனுக்கு வழி தெரியும்.”